மருமகளிடம் கேட்ட கேள்வி

மார்ச் 4
ஆற்றுப் பாலம் உடைந்து ரயில் பெட்டி ஒன்று தண்ணீருக்கு மேல் தொங்கிய வருஷம். ஊர் மாடுகளுக்கெல்லாம் கோமாரி வந்ததும் அப்போதுதான். அந்த வருஷம் என் அண்ணிக்கு வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்தார்கள். வீடு திரும்பியதும் தையல் சீழ் பிடித்தது. வாடை கூடம் வரை வந்தது. பொம்பளைச் சமாச்சாரம் என்று அப்பாவும் அண்ணனும் வாசலிலேயே நின்றார்கள். நான் சின்னப் பயல். அண்ணி போய்விட்டாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவளுக்கும் ஆபரேஷனில்தான் பிள்ளை. போன வாரம் வீட்டுக்கு வந்தாள். தாயில்லாப் பெண். என் வீட்டுக்காரியும் இல்லை. மகன் கப்பல் வேலையில்.

மார்ச் 5
நர்ஸ் சொல்லி அனுப்பியது: கை கழுவாமல் தையலைத் தொடக் கூடாது, ஈரம் கூடாது, பவுடர் எண்ணெய் எதுவும் கூடாது. கசிந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே வர வேண்டும்.

பிள்ளையைப் பார்க்க வந்த எதிர்வீட்டு டெய்லரிடம் சோப்பை நீட்டினேன்.
"என்ன பெரியவரே, நானா ஆபரேஷன் பண்ணப் போறேன்?"
"பண்ணினவங்களே கழுவிட்டுத்தான் பண்ணாங்க. நீ தேய்."

மார்ச் 7
பிள்ளை தூங்குகிறது. வேறு சேதி இல்லை.

மார்ச் 8
பிள்ளையை வயிற்றில் படாமல் ஒருக்களித்துப் பிடிக்கிறாள். முகம் சிவந்து கிடக்கிறது. கொடியில் ஓயாமல் பாவாடை காய்கிறது. பவுடர் வாசனை வேறு. மாமனார் கேட்கிற கேள்வியா இது? முகம் பார்த்துக் கேட்க நாக்கு எழவில்லை. அதனால் இதில் கேட்கிறேன். எழுதும்மா, பேனாவை வைக்காதே — தையல் கசியுதா?

கசியுது மாமா. முந்தாநாள்லேருந்து. மறுபடி ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டா பிள்ளைக்கு யாரு இருக்கா?

மேலே உள்ளதை அவளே எழுதி, அவளே படித்துக் காட்டினாள்.

பிள்ளையையும் தூக்கிட்டே போவோம். எழுந்திரு தாயி. எழுதினது போதும் —

மார்ச் 9
டெய்லர் எழுதுகிறார். தையலைக் கொஞ்சம் பிரித்துச் சீழை எடுத்தார்கள். ஊசி போடுகிறார்கள். பிள்ளை அவள் பக்கத்திலேயே. "இன்னும் பொறுத்திருந்தா உள்ளே இறங்கியிருக்கும்" என்றாள் நர்ஸ்.

மார்ச் 10
காய்ச்சல் விடவில்லை. என்ன செய்ய?

மார்ச் 12
விட்டது.

மார்ச் 21
வீட்டில். மருமகள் எழுதுகிறாள். "டெய்லர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு மாமா" என்கிறாள். புண் காய்ந்துவிட்டதாம். கேட்காமல் அவளே சொன்னாள்.

"உங்க அண்ணி சாகறப்ப அந்த வீட்ல இருந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றாள். அப்பா போனார். அண்ணன் போனான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட அத்தையும் போய்விட்டாள். என்னை விட்டால் அண்ணி பெற்றுப்போட்ட பிள்ளை ஒருவன்தான். தாய்ப்பால் காணாதவன், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். நாளைக்கு இவளைப் பார்க்க வருகிறான், எங்கள் கட்டையன்.