மடையில் அடைத்த மண்

குவைத், 14-8-1999

அன்புள்ள நைனாவுக்கு, உங்க மக ஜெயகுமாரி எழுதுறது. கர்த்தர் கிருபையில நான் சுகம். உங்க மூட்டுவலி தேவலையா? என் பொண்ணு பிளெஸ்ஸி நேரத்துக்குத் துன்றாளா?

பயப்படாதீங்க, சின்ன சங்கதிதான். முதுகு பிடிச்சுக்கினு குனிய முடியல. வேலை நின்னுடுமேன்னு இந்த வீட்டு மேடம் அவங்க போற ஆஸ்டியோபதி டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனாங்க. மருந்து, ஊசி கிடையாது. கையாலயே எலும்பையும் தசையையும் தளர்த்தி வுடறாரு. மேடத்துக்கிட்ட உடம்பு கார் மாதிரின்னாரு. என்கிட்ட, "உங்கப்பாவுக்கு என்ன வேலை?"ன்னாரு. சித்தூர் பக்கம் கரும்புக்குத் தண்ணி பாய்ச்சுறாருன்னேன். "அப்போ உன் உடம்பு கால்வாய். மடையில மண்ணு அடைச்சிருக்குது. நான் மண்ணைத் தள்ளினா போதும், தண்ணி தானா ஓடும்"னாரு. நீங்க மண்வெட்டியோட நிக்கிற மாதிரியே இருந்துச்சு, சிரிச்சிட்டேன்.

மூணாவது வாட்டி போனப்பவும் அதே இடம் கல்லாட்டம் இருந்துச்சு. "நான் தள்ளத் தள்ள மண்ணைக் கொட்டறது யாரு?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, "இவ கோணலாப் படுக்கறா"ன்னு மேடம் சொல்லிட்டாங்க. நானும் ஆமான்னேன்.

யாராவது வந்தா நீலகிரித் தைலமும் மாங்கா ஊறுகாயும் குடுத்தனுப்புங்க. என்னை இங்க அனுப்பின திருப்பதி ஏஜெண்டைப் பார்த்து, பாஸ்போர்ட்டை யாரு திருப்பித் தரணும்னு கேளுங்க. ரெண்டு வருஷ வேலை ஒப்பந்தம் முடிஞ்சு ஏழு மாசமாச்சு. பாஸ்போர்ட்டு மேடம் பீரோவுல இருக்குது.

கூப்பிடறாங்க, போறேன். கரும்புக்குத் தண்ணி திருப்பறப்ப மடையில கொஞ்சம்கூட மண்ணு வைக்காதீங்க, நைனா.

ஜெயகுமாரி