துணி கிளிப் மாட்டிய பக்கங்கள்

மார்ச் 11, செவ்வாய்
தீவுக்கு வந்து எட்டு நாள். மழலை வகுப்பில் நாலே பிள்ளைகள். மூன்று பேர் காது கிழியக் கத்துகிறார்கள். யேரிம் மட்டும் வாயே திறப்பதில்லை. பனிக்காலத்தில் அவள் அம்மா வீட்டை விட்டுப் பூசானுக்குப் போய்விட்டாள், அன்றிலிருந்து இப்படித்தானாம். "ஊமை இல்ல டீச்சர், பிடிவாதம்," என்கிறார் அப்பா. கடற்பாசி வளர்ப்பவர், கையெல்லாம் வெடிப்பு. ஏப்ரல் முடிவதற்குள் பேசாவிட்டால் அக்கரையில் அத்தை வீட்டில் விட்டு, அங்கே சிறப்புப் பள்ளியில் சேர்ப்பாராம். அம்மா போனது போதாதா, அப்பாவையும் விடணுமா?

மார்ச் 20
நாட்டுக்கதைப் படப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறையப் படகில் சுமந்து வந்தேனே. இன்று புலியும் பெர்சிமன் பழமும் கதை. அழுகிற குழந்தையிடம் "புலி வந்திருக்கு" என்று அம்மா சொன்னாலும் நிறுத்தாது. "இந்தா, பெர்சிமன் வத்தல்" என்றதும் நிறுத்திவிடும். வெளியே ஒட்டுக்கேட்ட புலி, பெர்சிமன் தன்னைவிடப் பெரிய மிருகம் என்று பயந்து ஓடும். இங்கே இது தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் அம்மா மடியில் குழந்தையை வைத்திருக்கும் இரண்டு பக்கம் – யேரிமுக்கு எதற்கு அந்த வேதனை? துணி கிளிப்பால் சேர்த்து மாட்டிவிட்டேன்.

"புலி ஏன் டீச்சர் ஓடுச்சு?" என்றான் கியுமின்.

"வயித்து வலி," என்றேன். நானெல்லாம் ஒரு டீச்சர்.

சமையல் மல்சுன் அக்கா சோறு போட்டபடியே, "அம்மாவை எடுத்துட்டா அது என்ன கதை? பேதி புடிச்ச புலிதான் மிச்சம்," என்றார்.

ஏப்ரல் 2
என் மகள் தோஹிக்கு இன்று ஒன்பது வயது. சியோலில் அவள் அப்பாவோடு இருக்கிறாள். பிறந்தநாளென்றால் வைக்கிற கடற்பாசி சூப்பை இங்கே வைத்து நானே குடித்தேன். உப்பு அதிகம். போன் பண்ணவில்லை. பண்ணினால் அழுவாள். அழுதா நான் என்ன பண்ணுவேன்? போன வருஷமும் இதையேதான் சொன்னேன்.

ஏப்ரல் 3
மழை. படகு இல்லை. யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 24
தினமும் யேரிம் எடுத்து வருவது அந்தப் புலிப் புத்தகம்தான். இன்று பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அழுத்திக் கிளிப்பைக் கழற்றினாள். விறைப்பான கிளிப், முகமெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்தைத் திறந்து படத்து அம்மா மேல் விரல் வைத்தாள்.

"இவங்களை ஏன் டீச்சர் ஒளிச்சு வெச்சீங்க?"

கரகரத்த குரல். நாலு மாதமாகப் புழங்காத குரல்.

"நீ அழுவேன்னு," என்றேன்.

"பாப்பாவும்தான் அழுவுது. அப்புறம் நிறுத்திடுதுல்ல?"

நான்தான் அழுதேன். நான் நிறுத்தும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளிப்பை என் கையில் வைத்தாள்.

ஏப்ரல் 25
யேரிமின் அப்பா காலையிலேயே வந்தார், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளேயே. "அத்தை வீட்டுக்கு மாட்டேன்னுட்டா டீச்சர். அவளே வாயைத் திறந்து சொன்னா." தரையெல்லாம் சேறு. துடைத்தேன்.

சாயங்காலம் தோஹிக்கு போன் பண்ணினேன். இருபத்து மூணு நாள் கழிச்சுத்தான் பொறந்தநாள் ஞாபகம் வந்துச்சா என்று கேட்டாள். உனக்கு வெச்ச சூப்பை நானே குடிச்சுட்டேன் என்றேன். அழுதாள். நான் போனை வைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, அந்த சூப்பில் கறி போட்டியா சிப்பி போட்டியா என்று கேட்டாள்.