கோர்த்து வைத்த ஊசிகள்

சேசு மரி சூசை துணை

ஜொகூர் பாரு,
3 செப்டம்பர் 1934

அன்பார்ந்த அவர்களுக்கு,

டொரத்தி எழுதிக்கொள்வது. இங்கு நலம். ரெங்கத்திலிருந்து நீங்கள் ரயிலில் அனுப்பிய சட்டை மூட்டை வந்தது. மாதந்தோறும் பிய்ந்த பட்டனை நான் தைத்து அனுப்புவதும், நீங்கள் மூட்டைக்குள் “வேலையை விட்டுவிட்டு எப்போது வருகிறாய்?” என்று துண்டுச்சீட்டு வைப்பதும் இரண்டு வருடமாக நடக்கிறது. பள்ளிக்கூட வேலையை விடமாட்டேன் என்றுதான் சொன்னேன். நம் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதில்லை. இரண்டும் ஒன்றென்று முடிவு கட்டியவர் நீங்கள்.

இனிச் சட்டைகளை அனுப்ப வேண்டாம். நீங்களே தைக்கலாம். இத்துடன் வரும் டப்பாவில் ஊசி, நூல், ஊசி குத்தாமல் நடுவிரலில் மாட்ட ஓர் அங்குஸ்தான், நூல் கோர்க்கும் கம்பி எல்லாம் இருக்கின்றன. கம்பியை ஊசிக் காதில் நுழைத்து, அதன் வளையத்தில் நூலை மாட்டிப் பின்னுக்கு இழுத்தால் போதும். நூல் சிக்காமலிருக்கத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். மெழுகு இங்கே தீர்ந்துவிட்டது, கடையில் கேளுங்கள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தையுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் பட்டன் பிய்யாது.

டொரத்தி

ரெங்கம்,
17 செப்டம்பர் 1934

அன்புள்ள டொரத்திக்கு,

டப்பா கிடைத்தது. கோபமும் கிடைத்தது.

கடையில் தேன்மெழுகு இல்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குப் பாலுக்கா பஞ்சம் என்று நூலை ரப்பர் பாலில் தோய்த்தேன். காயக் காய நூல் விரலோடும் விரல் சட்டையோடும் ஒட்டிக்கொண்டது. நாற்றம் வேறு. அந்த நேரம் பார்த்துக் கங்காணி அய்யாவு வந்து நின்றார்.

“அலமாக்! கிராணியாரே, சட்டை தைக்கிறீங்களா, இல்ல சட்டையில பால் வெட்டுறீங்களா?” என்றார். போகும்போது, “நீங்களே தச்சுக்கிட்டா அம்மா எதுக்குங்க திரும்பி வரப் போறாங்க?” என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செபஸ்தியன்

ஜொகூர் பாரு,
24 செப்டம்பர் 1934

அன்பார்ந்த அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அடுத்த முறை பூசைக்குப் போகும்போது கோயில் உபதேசியாரிடம் கேளுங்கள், பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு தருவார். அது தேன்மெழுகுதான். தடித்த துணியில் ஊசி சிக்கினால் பல்லால் இழுக்காதீர்கள். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, அதால் ஊசியைப் பிடித்து இழுங்கள், வழுக்காது. ரப்பருக்குத் தெரிந்த தையல் வேலை அவ்வளவுதான்.

அய்யாவுக்குச் சொல்லுங்கள்: பட்டனுக்காக வருகிறவள், பட்டனைத் தைத்ததும் போய்விடுவாள்.

டொரத்தி

ரெங்கம்,
5 நவம்பர் 1934

அன்புள்ள டொரத்திக்கு,

எல்லாச் சட்டையும் தைத்தாயிற்று. காக்கிக் கால்சட்டையும் டியூப் துண்டின் தயவில் முடிந்தது. உன்னைக் கூப்பிட இனி என்னிடம் காரணம் எதுவுமில்லை. தேடியும் பார்த்தேன். காரணம் இல்லாமலே கூப்பிடத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி இனிப் பேசமாட்டேன்.

இன்னொன்று. நூல் கோர்க்கும் கம்பியின் தகரப் பிடி விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது. கடையில் புதிதாக வாங்கியதல்ல, உன்னுடையது. பாஸ்காத் திருநாளுக்கு நான் அங்கே வந்தபோது ஜெபப் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தாயே, கிட்டத்தில் உனக்குக் கண் மங்குகிறது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. திருப்பி அனுப்பக் கம்பியை எடுத்தேன், மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஊசிகளில் வெள்ளையும் கறுப்புமாக நூல் கோர்த்து, மெழுகு தேய்த்து, கம்பளித் துண்டில் குத்தி அனுப்புகிறேன். தீர்ந்தால் எழுது.

செபஸ்தியன்

ஜொகூர் பாரு,
26 நவம்பர் 1934

அன்புள்ள அத்தான்,

ஊசிகள் வந்தன. கம்பி உங்களிடம் வந்ததிலிருந்து பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளிதான் எனக்கு நூல் கோர்த்துத் தருவாள். “என்ன டீச்சர், ரெண்டு வாரமா கூப்பிடவே இல்ல?” என்று நேற்று அவளே வந்தாள். கம்பளித் துண்டைக் காட்டினேன். “யாரு கோர்த்தது? நூல இம்புட்டு நீளமா விட்டிருக்காங்க!” என்றாள். உண்மைதான் அத்தான், முழங்கை நீளத்துக்கு மேல் விட்டால் சிக்கும்.

பள்ளிக்கு டிசம்பர் விடுமுறை வருகிறது. 8ஆம் தேதி சனிக்கிழமை பகல் வண்டியில் ரெங்கம் வருகிறேன். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை யார் வண்டி ஏறுவது என்பதை நேரில் பேசிக்கொள்வோம். இதற்குச் சம்மதம் என்றால் ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

ஊசிகள் இன்னும் நிறைய மிச்சமிருக்கின்றன. நூல் கோர்த்துக்கொள்ளத்தான் அம்மா வருகிறார் என்று அய்யாவு சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள்
டொரத்தி