பாப்பா விட்டுவைத்த இடைவெளி

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். பாப்பா இரண்டாம் வகுப்பில் உலகப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தபோதே, "இவ கடல் தாண்டிப் போவா, அங்கயே ஒருத்தனைக் கட்டுவா" என்று சொன்னவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் கொரிய மொழி படிப்பீர்கள் என்றும் சொல்லியிருந்தேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. குந்தா பவர்ஹவுஸில் டர்பைன் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்த காது.

இன்று சாயங்காலம் உங்கள் கைபேசியை எடுத்தேன். உறையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. நெஞ்சில் தைலம் தடவிய கையோடுதானே எடுப்பீர்கள். பள்ளத்திலிருந்து பனி ஏறி, ஜன்னல் வழியாக நுழைந்து, உங்கள் நாற்காலி வரைக்கும் வந்து நின்றது. பாப்பா அனுப்பிய குரல் பதிவைத் தட்டினேன். "அப்பா, அன்யோங் ஹசேயோ. வணக்கம்னு அர்த்தம்" என்றாள் பாப்பா. அப்புறம் பேசாமல் இருந்தாள். நீங்கள் திருப்பிச் சொல்வதற்காக அவள் விட்டுவைத்த இடைவெளி அது. ஆள் இல்லாத வீட்டில் அது ரொம்ப நீளம், மச்சான்.

நம்மிடம் சொல்லாமல் கொரியாவிலேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்தினீர்கள். என் அக்கா உயிரோடு இருந்திருந்தால் உங்களை விட்டிருப்பாளா? நீங்கள் போனை எடுக்கவில்லை என்றதும் பாப்பா தன் குரலைப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினாள். "அவரோட அம்மாவுக்கு உங்ககிட்டப் பேசணும்னு ஆசைங்கப்பா. நாலு வார்த்தை கத்துக்கங்க. எங்கிட்டப் பேச வேண்டாம், அவங்ககிட்டயாச்சும் பேசுங்க."

அதைக் கேட்கும்போது நீங்கள் நாற்காலியில், நான் முக்காலியில். இடைவெளி வந்ததும் முந்திக்கொண்டு உரக்கச் சொல்வது நான்தான். கம்சாஹம்னிதா என்றால் நன்றி. பாப் மொகொஸ்ஸோயோ என்றால் சாப்பிட்டாயா. என் உச்சரிப்பைக் கேட்டுத் தேயிலைக்குள் நின்ற காட்டெருமை ஒன்று தலையை ஆட்டியது. கொரியாக்காரன் காதில் விழுந்திருந்தால் கையோடு கூட்டிப் போயிருப்பான்.

"அவனும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடறானுங்க. நம்மகிட்ட இருந்து போன பாசைதான் மச்சான். நம்ம பாட்டன் படகுல கொண்டுபோனது."

"உங்க பாட்டன் பவானி ஆத்தையே தாண்டுனதில்ல. வாயை மூடுங்க மாப்ள, பொண்ணு பேசறா."

ஆனால் நீங்கள் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொன்னதில்லை. டர்பைன் இரைச்சலில் பேசினால் கேட்காது. புரிந்தால் கையைத் தூக்கிக் காட்டுவது உங்கள் ஆட்களின் வழக்கம். பாப்பா ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க, நீங்கள் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். அங்கே இருக்கிறவளுக்கு இந்தக் கை எப்படித் தெரியும்?

கடைசிப் பதிவு உங்களுக்கு நினைவிருக்கும். "கென்சனயோ. பரவாயில்லைன்னு அர்த்தங்கப்பா. தப்புப் பண்ணிட்டு வந்து நிக்கறவங்ககிட்டச் சொல்றது." அதற்குப் பின்னால் அவள் விட்ட இடைவெளிதான் எல்லாவற்றிலும் பெரியது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. நீங்கள் கையைத் தூக்கவில்லை. "இன்னொருக்காப் போடுங்க மாப்ள" என்றீர்கள். போட்டேன். மறுபடியும் போட்டேன். "நாளைக்கு அவளுக்குச் சொல்லிப்போடறேன்" என்று எழுந்து படுக்கப் போனீர்கள். விடிந்தபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பனி இறங்கும் நேரத்தில், தனியாக உட்கார்ந்து அதைப் போட்டேன். கென்சனயோ என்றாள். இடைவெளியில் தொண்டையைக் கனைக்கும் சத்தம். இரும்புக் குழாய்க்குள் இருந்து வருவது மாதிரி உங்கள் குரல், "கென்சனயோ" என்றது. விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. வாசலில் படுத்திருந்த நாய் முகத்தைத் திருப்பாமலே பின்பக்கமாக நடந்து போனது.

காரியத்துக்கு வந்துசேர முடியாத பாப்பா போனில் அழைத்தாள். "ஏனுங் மாமா, அப்பா ஒருக்காவாச்சும் திருப்பிச் சொன்னாங்களா?"

"சொன்னாராவா? இன்னமும் சொல்றாரு கண்ணு! நீ விட்ட இடத்துல உங்கப்பன் குரல் கேக்குது. வந்து பாரு."

வந்துவிட்டாள், மச்சான். மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் பறந்து வந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு நம் மொழி ஒரு எழுத்துத் தெரியாது. எதற்காக இருட்டும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்றும் யாரும் விளக்கவில்லை. கம்பளிக்குள் கைகளை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பாப்பா உங்கள் நாற்காலிக் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

பதிவுகளை வரிசையாகப் போட்டேன். வணக்கம் போயிற்று. கூரையிலிருந்து நீர் சொட்டியது. நன்றி போயிற்று. ஒன்றுமில்லை. பாப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தக் குளிரில் எனக்கு முதுகு வியர்த்தது.

"இன்னைக்குப் பனி சாஸ்தி பாப்பா, இன்னொரு நாளைக்கு..."

"சும்மா இருங்க மாமா."

"கென்சனயோ" என்றாள் கைபேசிக்குள் இருந்த பாப்பா. இடைவெளி வந்தது.

அந்த அம்மா சடாரென்று எழுந்தார். கைகளை வயிற்றோடு சேர்த்து, வாசல் பக்கம் பார்த்து, இடுப்பு வளையக் குனிந்து ஏதோ சொன்னார். வாசலில் பனியைத் தவிர யாரும் இல்லை. பாப்பா கண்ணை மூடியபடியே அழுதுகொண்டிருந்தாள். "கேட்டுச்சுங் மாமா" என்றாள்.

"உங்க அத்தை என்ன சாமி சொன்னாங்க?"

"'உங்களைப் பார்த்ததுல சந்தோசம்'னாங்க. யாருக்குச் சொன்னீங்கன்னு கேட்டேன். 'உங்கப்பாவுக்குத்தான், வேற யாரு'ன்னாங்க."

வாசல் பனி மெதுவாகப் பின்வாங்கியது. ஓர் ஆள் முகத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்து போவது மாதிரி.

பாப்பா இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். என்னிடம் உங்கள் கைபேசியும், கொரியாவில் கடையே வைக்கிற அளவுக்குக் கொரிய மொழியும் இருக்கின்றன. தினமும் பனி இறங்கும்போது போடுகிறேன். இப்போதெல்லாம் இடைவெளியில் நான் முந்திக்கொள்வதில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். முதலில் நான் தனியாகக் கேட்டேன் என்று எழுதினேனே, அந்தக் குரல் நான் கட்டிவிட்டது. போனில் அவள் அழுதாள், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது, மச்சான். எனக்கு அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.