சும்மா கிடக்கிற இடம்

ஜூலை 20, திங்கள்

என்னிடம் கணினி பார்க்கிற சுஜீவா கேட்ட மெமரியை வாங்கிக் கொடுக்க மாட்டேன் என்று இன்று சொல்லிவிட்டேன்.

களஞ்சியத்துக் கணினியில்தான் கடைகளின் ஓடர் எல்லாம் வந்து விழுகிறது. ஜேர்மனியில் பீலெஃபெல்ட் வரைக்கும் உள்ள தமிழ்க்கடைகள் வியாழன் பின்னேரத்துக்குள் ஓடர் போட்டால்தான் நான் கொழும்புக்குச் சொல்லி மரக்கறியைப் பிராங்பேர்ட்டுக்கு விமானத்தில் இறக்கலாம். கெவலார் மாதா யாத்திரை வருகிறது. அந்தக் கிழமை ஓடர் குவியும், இருக்கிற மெமரி தாங்காது என்கிறாள். விலையைப் பார்த்தேன். போன வருடத்தை விடப் பல மடங்கு ஏறி நிற்கிறது. உச்சத்தில் வாங்குகிறவன் வியாபாரியா?

இருக்கிறதைக் காட்டு என்றேன். காட்டினாள். கேர்னல் என்று ஒன்றாம். உள்ளே இருந்து ஒவ்வொரு செயலிக்கும் மெமரியை அளந்து கொடுப்பதும் திருப்பி வாங்குவதும் அதுதான். கெட்டிக்காரன். சும்மா கிடக்கும் இடத்திலெல்லாம் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை அடுக்கி வைக்கிறது. வேறு யாராவது இடம் கேட்டால் அவற்றை எடுத்துவிட்டுக் கொடுக்கிறது. நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஒரு துண்டை மட்டும் ஒருவருக்கும் கொடுக்காமல் வெறுமையாக வைத்திருக்கிறது.

"இது ஆருக்கு?"

"கேர்னலுக்குத்தான் அண்ணை. எல்லாம் நிரம்பினாப் பிறகு, துப்புரவாக்கிற வேலைக்கே கொஞ்ச இடம் வேணுமெல்லே."

"வாடகை குடுக்கிறது நான். குறைச்சு விடும் பிள்ளை."

"அப்ப எழுத்தில தாங்கோ. ஷ்ரிஃப்ட்லிஷ்."

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் கடதாசியில் வேண்டும். எழுதிக் கொடுத்தேன். ஒரு கட்டளை தட்டி, அந்த வெறும் துண்டைப் பத்தில் ஒன்றாக்கினாள்.

ஜூலை 23, வியாழன்

ஓடர் முடிந்தது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

ஜூலை 28, செவ்வாய்

மீன் பெட்டிகள் வந்து இறங்கின. குளிர் அறையில் நடுவழி வெறுமையாகக் கிடக்கிறது, அதிலும் அடுக்கு என்றேன். பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் ராசன் தலையைச் சொறிந்தான்.

"பின்னுக்கு இருக்கிறதை எப்பிடி அண்ணை எடுக்கிறது?"

"முன்னுக்கு இருக்கிறதை எடுத்துப்போட்டு எடு."

"எடுத்து எங்க வைக்கிறது?"

வாய் கூடிப்போச்சு இவனுக்கு. யாத்திரை நெருங்க நெருங்க மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஜூலை 30, வியாழன்

நின்றுவிட்டது. ஓடர் குவிகிற நேரம் பார்த்துக் கணினி நின்றுவிட்டது. செத்தும் போகவில்லை — விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, தட்டினால் பதில் இல்லை. பீலெஃபெல்ட் கணேசலிங்கம் அழைத்தார். என்னிடம் ஆகக்கூடச் சரக்கு எடுக்கிற ஆள்.

"என்ன ஜேசுரட்ணம், உங்கட மெஷினும் கெவலாருக்கு நடந்து போட்டுதோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை —"

"நான் பொறுப்பன், வெண்டிக்காய் பொறுக்காது. அடுத்த கிழமையும் இப்பிடியெண்டால் ஹொலன்ட்காரனிட்டைத்தான் எடுப்பன். சொல்லிப்போட்டன்."

கணினியை அணைத்துத் திரும்ப மூட்டி, விடுபட்டதைத் தொலைபேசியில் கேட்டு எழுதி முடித்தோம். சுஜீவா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது.

"இணையத்தால வாற ஒவ்வொரு தகவல் துண்டையும் கேர்னல் அந்தக் கணத்திலயே எங்கயாவது வைக்கவேணும் அண்ணை. 'பொறு' எண்டு சொல்லேலாது. அதுக்கு இடமில்லை. சரி, இடம் எடுப்பம் எண்டு பாத்தால், எடுக்கிற வேலைக்கும் இடமில்லை."

ராசன் கேட்ட கேள்வியேதான். பின்னுக்கு இருந்த முருங்கைக்காயை எடுக்க இன்று பாதி மீனை முற்றத்து வெயிலில் இறக்கி வைத்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 31, வெள்ளி

வெள்ளிக்கிழமை சுஜீவா வருவதில்லை. வெறும் இடத்தைப் பழைய அளவுக்கு நேற்றே திருப்பிவிட்டாள். அந்த அளவு போதுமோ? அடுத்த கிழமை தாங்குமோ? சும்மா இருக்கேலாமல் போய்க் கணினிக்கு முன்னால் இருந்தேன். வெறும் இடம்தான் உயிரைக் காக்கும் என்றால் கூடவே வைப்போம். அவள் தட்டிய கட்டளை திரையில் அப்படியே இருந்தது, எண்ணை மட்டும் மாற்றினேன். மெமரியில் அரைவாசி.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அரைவாசி வெறுமையாக இருக்கவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டான், இடம் எங்கே? கேர்னல் சுற்றிப் பார்த்து, ஆகக்கூடத் தின்கிறவனைப் பிடித்துக் கொன்றது. ஆகக்கூடத் தின்கிறது ஓடர் செயலி. திரும்ப மூட்ட, திரும்பக் கொன்றது.

"தொட்டனீங்களோ?" சுஜீவா தொலைபேசியில்.

"இல்லை, சும்மா —"

"அண்ணை. தொட்டனீங்களோ?"

"சாடையா, கொஞ்சம்."

வீட்டிலிருந்தே சரிப்படுத்தினாள். பின்னேரம் அவளுடைய விலகல் கடிதம் வந்தது. இந்தக் கணினியை அறிந்தவர் வேறு யாரும் என்னிடம் இல்லை. அவள் போனால் கணேசலிங்கமும் போவார், மற்றக் கடைகளும் பின்னால் போகும். என்ன வேலை பார்த்தேன்? என்ன வேலை பார்த்தேன் நான்?

ஓகஸ்ட் 2, ஞாயிறு

பூசை முடிந்து, மனைவி பிளோறன்ஸையும் கூட்டிக்கொண்டு ஒரு பெட்டி மாம்பழத்தோடு சுஜீவா வீட்டுக்குப் போனேன்.

"மாம்பழத்துக்கு நான் திரும்பி வாறேல்லை அண்ணை."

"அப்ப என்ன வேணும்?"

"வியாழன் வரைக்கும் வாறன். கணினியைத் தொடாமல் இருப்பீங்களோ, பாப்பம். பிறகு கதைப்பம்."

மாம்பழத்தை அவளின் தாய் வாங்கி வைத்துக்கொண்டார். காருக்குள் பிளோறன்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கட்டிலுக்குக் கீழ அரிசி மூட்டை, கராஜுக்குள்ள தேங்காய்ப்பால். அந்தக் கேர்னல் எங்கட வீட்டில இருந்தால் முதல் உங்களைத்தான் கொல்லும்."

ஓகஸ்ட் 3, திங்கள்

மெமரி வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுத மனமில்லை.

ஓகஸ்ட் 6, வியாழன்

தொடவில்லை. கையைக் காற்சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். திரையில் ஒரு கோடு. வெறுமையாக மிஞ்சியிருக்கும் இடம் அது. மத்தியானம் தாண்டக் கீழே இறங்கத் தொடங்கியது. இறங்குது, இறங்குது — "பிள்ளை, பாத்தனீரோ?" — சுஜீவா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இவ்வளவுக்குக் கீழ போனால் துப்புரவாக்கிறவர் எழும்புவார் அண்ணை. எழும்பிட்டார், பாருங்கோ."

கோடு நின்றது. மெல்லத் திரும்ப ஏறியது. பிறகும் இறங்கியது, பிறகும் ஏறியது. அடி வரைக்கும் ஒருமுறையும் போகவில்லை.

கணேசலிங்கத்தின் ஓடரும் வந்தது. வெண்டிக்காய் மட்டும் இரட்டிப்பு.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

நேற்று கெவலார் யாத்திரை. இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பூசை நேரம், அங்கே நாங்கள் போடும் உணவுக்கடையை மூடினேன். பக்கத்துக் கடைக்காரன் அந்த நேரத்தில் றோல்ஸ் எல்லாம் விற்று முடித்தான். பிளோறன்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மெழுகுதிரியைக் கையில் தந்தாள்.

சுஜீவா இன்று வீட்டுக்கு வந்தாள். வேலையில் நிற்கிறாள். இந்தமுறை எழுத்தில் கேட்டது நான். பேசி முடித்தது இவ்வளவு:

சம்பளம் மணிக்கு நான்கு யூரோ கூட. கேர்னலுக்கு ஒதுக்கும் இடம் அவள் சொல்லும் அளவு. கணினியின் கடவுச்சொல் மாறும், எனக்குச் சொல்லப்படாது. குளிர் அறை நடுவழியில் நான் பெட்டி வைத்தால் ராசன் அதைத் தூக்கி வந்து என் மேசையில் வைக்கலாம். மெமரி அறுநூற்று நாற்பது யூரோ, என் கணக்கில். ஜூலை இருபதில் வாங்கியிருந்தால் ஐந்நூற்றுத் தொண்ணூறு.