சைக்கிள் சாவியைத் தேடாதீங்க

நம்ம ஞானமதியோட அப்பாவுக்கு,

சைக்கிள் சாவி என் முந்தானையில முடிஞ்சிருக்குது. கொல்லையில மல்லாட்டைப் பயிருக்கு இன்னிக்கு நானே போய்த் தண்ணி பாய்ச்சிட்டு வர்றேன். நேத்து வெயில்ல மயங்கி வரப்புல விழுந்த ஆளு, இன்னிக்கு வாசப்படி தாண்டக் கூடாது.

திண்டிவனம் டாக்டர் ஒடம்புல தண்ணியே இல்லைன்னாரு. எப்படி இருக்கும்? பகலெல்லாம் வெயில்ல வேலை. அப்புறம் கரண்ட்டு வரட்டும்னு மோட்டார் கொட்டாயில காத்துக்கினு கெடந்து, பொழுது சாஞ்சப்புறம் வர்றீங்க. பொழுது சாஞ்சா நம்ம ஜைன வீட்டுல சோறும் கிடையாது, தண்ணியும் கிடையாது. நான் அந்த நேமத்தைக் குத்தம் சொல்லலை. ஜல்தியா வீடு வந்து சேரத் தெரியாத உங்களைத்தான் சொல்றேன்.

காய்ச்சி ஆறவெச்ச தண்ணி பானையில இருக்குது. மோர்ல உப்பு போட்டிருக்கேன். நான் வர்றதுக்குள்ள ரெண்டும் காலியாகணும். எனக்காகக் காத்துக்கினு இருக்காம, வெளிச்சத்துலயே சாப்பிட்டுடுங்க.

ரத்னமாலா

இன்னொண்ணு. நீங்க வராம நான் தனியா சாப்பிட்டதும் இல்லை, தண்ணி குடிச்சதும் இல்லை. போன வாரம் அடுப்பு அனல்ல நானும்தான் மயங்கி விழுந்தேன். உங்களைத் தூக்கக் கொல்லையில நாலு பேர் ஓடியாந்தாங்க. நான் நானா எழுந்து, மூஞ்சி கழுவிக்கினு, உங்களுக்குக் கதவைத் திறந்தேன்.