ஒரு நாள் விருந்தாளி

என் வீட்டு எஜமானிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான். ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே: போன வாரம் நான் சுற்றுலாப் பயணியாக வேஷம் போட்டேன்.

கடலும் இல்லாத, மலையும் இல்லாத இந்தக் கிராமத்துக்குக் குப்பை போடாத, கூச்சல் போடாத விருந்தாளிகளை வரவழைப்பதுதானே என் வேலை? குப்பையும் இல்லை, கூச்சலும் இல்லை, ஆளும் இல்லை. என்னைப் போனிலேயே வேலைக்கு எடுத்த மேலதிகாரி திடீரென்று நேரில் வந்துவிட்டார். விருந்தாளி யாரும் இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார். விடுதி நடத்தும் அக்கா கைக்குக் கிடைத்த தொப்பியை என் தலையில் கவிழ்த்து, "வாயத் திறக்காம வேடிக்கை பாருங்க, போதும்" என்றார்.

நானாவது, வாயைத் திறக்காமல் இருப்பதாவது! ஏரிக்கரை முழுக்கக் கதை அளந்துகொண்டே முன்னால் நடந்தேன். அவர் என் பின்னாலேயே வந்தார்.

"இங்க என்ன பிடிச்சுது?"

"அமைதி சார்."

"என்ன குறை?"

"பேச ஆளே இல்ல சார்." அது மட்டும் நடிப்பில்லை.

கிளம்பும்போது என் கையைக் குலுக்கிக்கொண்டே அக்காவிடம், "நம்ம ஊழியர்கிட்ட சொல்லுங்க, திட்டம் இன்னும் ஒரு வருஷம் நடக்கும்" என்றார். பிள்ளைகளின் படிப்புக்குக் கவலையில்லை. நான் வருவதுதான் தள்ளிப்போகிறது. உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு, துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: அந்தத் தொப்பியின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "ஊழியர்" என்று போட்டிருந்தது.